ஒன்பது மணிச் சங்கு

ஸ்டெல்பர்ன் நகர மன்றம், சஸ்காச்சுவான்.
மார்ச் மாத இரண்டாம் செவ்வாய்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
மேயர், உறுப்பினர் நால்வர்,
குறிப்பெழுத நான்.
பார்வையாளர்கள் பதினேழு பேர்,
ஒவ்வொரு கூட்டத்துக்கும் தூங்க வரும் ஓரெஸ்ட் பபியாக் உட்பட.
பதினேழு என்றால் எங்களுக்குத் திருவிழா.

முதலில் குடிநீர்க் குழாய்,
இரண்டாம் தெருவில் மூன்றாம் முறை வெடித்தது.
அடுத்து ஹாக்கி அரங்கின் கம்ப்ரசர்.
விலையைக் கேட்டதும்
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூக்கு ஒழுகியது.
நூலகக் கூரை, அடுத்த மாதத்துக்கு.
நூலகக் கூரை எப்போதுமே அடுத்த மாதத்துக்கு.

ஏழாவது பொருள்: சங்கு.

தீயணைப்பு நிலையக் கம்பத்தின் உச்சியில்
நண்பகலில் ஒரு முறை
இரவு ஒன்பதுக்கு ஒரு முறை
தானாகவே ஊதும்.
இரவுச் சங்கை நிறுத்தச் சொல்லிக் கடிதம்,
புதிதாய்க் குடிவந்த இருவரிடமிருந்து.
குழந்தை எட்டே முக்காலுக்குத்தான் கண் அசருகிறதாம்.
கடைசியில் பச்சை மையில் ஒரு குட்டிப் பாதம்.
அதைக் கையெழுத்தாக ஏற்க முடியாதென்று
ஓரத்தில் எழுதிவைத்தேன்.

லாயல் எங்கன் சொன்னார்:
அறுபது வருஷமாய் அந்தச் சத்தத்துக்குத்தான் பல் துலக்குகிறேன்.
ஆர்டிஸுக்கு மாத்திரை நேரம்.
ஓரெஸ்ட் விழித்து, என் நாய்க்கு வேறு சங்கீதம் கிடையாது
என்றுவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.
பாரம்பரியம் என்ற சொல் பதினோரு முறை வந்தது.
கோடு போட்டு எண்ணினேன்.

அப்போது கடைசி வரிசையில்
லொரெட்டா டெஜார்லே எழுந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
இந்த அறைக்குள் அவளை நான் பார்த்ததே இல்லை.
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் சங்கு என்கிறீர்கள்.
எங்கள் அம்மாவை அது ஊரைவிட்டு அனுப்பியது.
ஒன்பதுக்குமேல் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் ஆட்கள் நிற்கக் கூடாது.
மாவு வாங்க வந்தவள்
மூட்டையைக் கடை வாசலில் போட்டுவிட்டு
ஓடியிருக்கிறாள்.
அவ்வளவுதான்."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள்.
மூடியிருந்தது.
ஹீட்டர் மட்டும் முனகிற்று.

அப்படி ஒரு விதி எழுதப்படவில்லையே, என்றது ஒரு குரல்.
உண்மைதான்.
பழைய பதிவேடுகளின் சாவி என்னிடம்.
சங்கின் விலை அதில் இருக்கிறது.
கம்பத்துக்குப் பூசிய சாயத்தின் நிறம் இருக்கிறது.
பொத்தானை அழுத்த மாதம் மூன்று டாலர் வாங்கியவர்
என் மாமனாரின் அப்பா, அதுவும் இருக்கிறது.
யாருக்காக ஊதினார் என்பது மட்டும் இல்லை.
என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்து
அழகான கையெழுத்தில்
எழுதாமல் விட்டது.

வாக்கெடுப்பு. இரண்டுக்கு இரண்டு.
மேயர் டோரீன் ஹ்ரிஞ்சுக் வாயைத் திறந்தார்.
ஒன்பது.

நாற்பது வினாடி.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
தெருவில் ஓரெஸ்டின் நாய் தொடங்க
ஊர் நாய்களெல்லாம் சேர்ந்துகொண்டன.
எங்கோ அந்தக் குழந்தையும் விழித்திருக்கும்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை,
எல்லோரும் லொரெட்டாவைப் பார்த்தோம்.

அவள் நாற்காலியில்தான் இருந்தாள்.
மெதுவாக, ஒவ்வொரு விரலாக,
கையுறையைக் கழற்றினாள்.

ஜூன் வரை நிறுத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று.
எங்கள் வீரம் அவ்வளவுதான்.
காபி ஆறிப்போயிருந்தது, ஆனாலும் குடித்தார்கள்.
ஆர்டிஸ் தன் மாத்திரையை மறந்துவிட்டுப் போனாள்.

விளக்கை அணைக்குமுன்
"பார்வையாளர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்"
என்று எழுதினேன்.
இருபத்திரண்டு வருஷமாய் அப்படித்தான் எழுதுகிறேன்.

அடித்தேன்.
மாவு மூட்டையிலிருந்து தொடங்கினேன்.